கணக்கு டீச்சர் வீட்டு ஈரத்தை நிறுத்தியவன்

தியாகராய நகரில் ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடையின் பின்பக்கச் சுவர் முழுக்க நான் எழுப்பியது. அடையாற்றில் பதினொரு வீடு. மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றி எத்தனை என்று நானே எண்ணி முடிக்கவில்லை. பாலவாக்கத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற மணலில், இங்கே வீடு நிற்காது என்று இரண்டு பொறியாளர்கள் சொல்லிவிட்டுப் போன மனையில், ஒரு பங்களா கட்டினேன். அது இன்னும் நிற்கிறது. சொன்னவர்களில் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் விரிசல் விழுந்து, அதையும் நான்தான் போய் அடைத்தேன். ஆதம்பாக்கத்தில் எனக்கென்று மாடி வைத்த வீடு. வரைபடம் போட்டது நான், கம்பி கட்டியது நான், பால் காய்ச்சியது என் வீட்டுக்காரி.

இத்தனைக்கும் நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன். ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் வீட்டில் முதலில் நனைவது அடுப்பு, அப்புறம் பாய், அப்புறம் நாங்கள். ஈரம் எப்படி வரும், எங்கே ஒளியும், எப்போது போகிற மாதிரி நடிக்கும் என்பதெல்லாம் எனக்கு முதுகுக்குத் தெரியும். கலவை சுமந்தேன், செங்கல் சுமந்தேன், கரண்டி பிடித்தேன், பிறகு மேஸ்திரியானேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. காலை வாரினவர்கள் பட்டியல் வேண்டுமானால் தருகிறேன், அது கொஞ்சம் நீளம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு காகிதம். மயிலாப்பூரில் ஐந்து வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படி அடியில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் அஸ்திவார ஈரத்தை யார் கண்டுபிடித்தார்கள், எப்படி நிறுத்தினார்கள் என்று அதில் அச்சாகியிருக்கிறது. நான் செய்த வேலை அது. அதில் நான் இருக்கிறேன், குற்றவாளியாக. அது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "அஸ்திவாரத்துல ஈரம் ஏறாம பண்ண எவ்வளவு ஆகும் மேஸ்திரி?" செருப்பைக்கூட நான் கழற்றியிருக்க மாட்டேன், அதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். வீடு கட்டும்போது கேட்டிருந்தால் நியாயம். அப்போது தரைக்குமேல் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் சிமென்டோடு ஈரம் தடுக்கிற மருந்து கலந்து ஒரு பட்டை போட்டு, அதன்மேல் இரண்டு கை, அதாவது இரண்டு தடவை, தார் பூசினால் முடிந்தது. மொத்தச் செலவில் அது கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலையைத்தான் முதலில் பொறுக்கி எறிவார்கள். வாசல் கதவுக்குத் தேக்கு வேண்டும், பூஜை அறைக்குப் பளிங்கு வேண்டும், மண்ணுக்குள் போகிற தார் மட்டும் வேண்டாம். "அது யாருக்குத் தெரியப் போகுது?" என்று அடையாற்றில் ஓர் அதிகாரி என்னிடமே கேட்டார். ஐந்து வருஷம் கழித்து அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. சுவர்மேல் ஓடு ஒட்டினார். ஈரம் ஓட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது. பிறகு அலமாரி வைத்து மறைத்தார். அலமாரியில் கரையான் வந்தது.

நான் சொல்ல வந்த வேலை நடந்த காலத்தில் ஈரத்துக்கு வைத்தியம் பார்க்க ஒரு கூட்டம் புதிதாகக் கிளம்பியிருந்தது. கழுத்தில் டை கட்டிய பையன்கள். கையில் வழவழப்பான காகிதம். சுவரில் வரிசையாகத் துளை போட்டு ஊசி மாதிரி மருந்து ஏற்றுவார்கள். பத்து வருஷ உத்தரவாதம் என்று முத்திரை குத்தித் தருவார்கள். நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. மருந்து நல்ல மருந்துதான். மண்ணிலிருந்து தானாக ஏறுகிற ஈரத்துக்கு அது பிடிக்கும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மருந்து ஏற்றுவது, குழாயைத் திறந்து விட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. துடைக்கிறவனுக்குத் தினமும் கூலி.

கணக்கு டீச்சர் அந்தப் பையன்களிடம் மாட்டியவர்.

நான் சொன்ன அந்த மயிலாப்பூர்க் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரே ஒரு வீடு, மீதி இடம் வண்டி நிறுத்த. மேலே இரண்டு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. அந்தத் தரைத்தள வீட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருந்தார். தனி ஆள், மகள் பெங்களூரில். முன்னறையில் பாய் விரித்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அவர் ஜீவனம் ஓடியது. இரண்டு மழைக்காலமாக அந்த முன்னறைத் தரை வேர்க்க ஆரம்பித்திருந்தது. பாய் நனைந்தது, நோட்டுப் புத்தகம் நனைந்தது, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊசி போடும் பையன்கள் வந்து, கட்டடம் முழுக்கச் செய்ய நாற்பத்திரண்டாயிரம் என்றார்கள். மேல்மாடிக்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரே பாட்டுப் பாடினார்கள்: மொட்டைமாடி ஒழுகினால் அது மேல்வீட்டுக்காரர் பாடு, அஸ்திவாரம் வேர்த்தால் அது கீழ்வீட்டுக்காரர் பாடு. இந்த நியாயம் சென்னையில் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் கிடைக்கும். தன் வீடு காற்றில் மிதக்கிறது என்று மேலே இருப்பவனுக்கு நினைப்பு. கடைசியில் டீச்சர் தன் முன்னறைக்கு மட்டும் பதினெட்டாயிரம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த மழைக்குத் தரை மறுபடி வேர்த்தது.

அப்புறம்தான் என்னைத் தேடினார். அந்தக் கட்டடத்துக்கு நான் மேஸ்திரியாக இருந்தவன் என்று பால்காரர் சொல்லியிருக்கிறார்.

போனேன். ஐப்பசி மாதம், வானம் மூட்டமாக இருந்தது. டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் கட்டினேளா?"

"கட்டினது நான், காசு பண்ணினது வேற ஆளு."

"பதில் சாமர்த்தியமா இருக்கு. இந்த ஈரத்தை எடுக்க எவ்வளவு கேப்பேள்? மொத்தமா சொல்லப்படாது. எதுக்கு எவ்வளவுன்னு தனித்தனியாச் சொல்லணும்."

"அம்மா, குழி தோண்டிப் பாக்காம விலை சொல்றவன் ஜோசியக்காரன். எனக்குக் கிளி கிடையாது."

"குழிக்கு எவ்வளவு?"

பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்க என் கூலியில் இருபது ரூபாய் பிடிப்பதற்காகவே படித்துப் பட்டம் வாங்கினவர்களாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த அம்மாள் பேரம் பேசவில்லை, கேள்வி கேட்டார். வித்தியாசம் எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன். ஈரம் அறை முழுக்கச் சமமாக இல்லை. வண்டி நிறுத்தும் பக்கத்து மூலையில் கறுத்து, அங்கிருந்து விசிறி மாதிரி விரிந்திருந்தது. மண்ணிலிருந்து தானாக ஏறும் ஈரம் நாலு சுவரிலும் ஒரே உயரத்துக்கு ஏறும். இது ஒரு மூலையில் பிறந்து நடந்து வந்திருக்கிறது. அந்த மூலைக்கு வெளியே என்ன இருந்தது என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அங்கே ஒரு கிணறு இருந்தது.

அந்த மனையில் முன்னால் ஒரு பழைய ஓட்டு வீடு. அதை இடித்துத்தான் இந்தக் கட்டடம் எழும்பியது. கிணறு வண்டி நிறுத்தும் இடத்தில் குறுக்கே வந்தது. கட்டடத்துக்குப் பணம் போட்டவர் இரண்டே நாளில் மூடச் சொன்னார். வீட்டை விற்ற குடும்பத்துப் பெரியவர் மட்டும் வந்து நின்று, "மூடறதுன்னா மூடிக்கோங்கோ, ஆனா மூச்சடைச்சு மூடப்படாது" என்றார். கிணற்றை மூடுகிற குடும்பம் விளங்காது என்று ஒரு பயம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. அதனால் கிணற்றின் அடிமட்டத்திலிருந்து தரைக்குமேல் ஒரு சாண் தெரிகிற மாதிரி நாலு அங்குலக் குழாயை நட்டு, அதைச் சுற்றி நிரப்பச் சொல்வார்கள். கிணறு அந்தக் குழாய் வழியாக மூச்சு விடும் என்று கணக்கு. நட்டேன். மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றிவிட்டுப் பெரியவர் போய்விட்டார்.

நிரப்பியது எதை என்பதுதான் விஷயம். ஆற்று மணல் போட்டிருக்க வேண்டும். மணல் லாரி கேட்டதற்குப் பணம் போட்டவர் சிரித்தார். "இடிச்ச குப்பையை வெளிய தள்ளவும் லாரிக்கு அழணும், உள்ள நிரப்பவும் லாரிக்கு அழணுமா? அதைத் தூக்கி இதுல போடுய்யா." பழைய வீட்டின் உடைந்த செங்கல், ஓடு, சுண்ணாம்புக் காரை, களிமண், எல்லாவற்றையும் உள்ளே தள்ளினோம். தப்பு என்று தெரிந்துதான் தள்ளினேன். எதிர்த்துப் பேசினால் அடுத்த வேலை கிடைக்காது. அப்போது எனக்கு அப்படிப்பட்ட நிலைமை. அதைப் போய் இன்றைக்கு மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

டீச்சரிடமும் அன்றே மறைக்கவில்லை. "அம்மா, இந்த மூலைக்கு வெளிய ஒரு கெணறு கீது. மூடினது நான்தான். குப்பையப் போட்டு மூடினேன்" என்றேன்.

அவர் மூக்கு நுனியில் இருந்த கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். பிறகு சொன்னார். "அப்போ குழி வெட்டற கூலியை நான் உங்ககிட்டன்னா வாங்கிக்கணும்?"

"குழிக்குக் கூலி வேணாம்மா."

"அது நியாயம். மேலே சொல்லுங்கோ."

ஆனால் கிணற்றை மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஈரம் வந்தது இரண்டு வருஷமாகத்தான். நாலு வருஷம் சும்மா கிடந்த கிணறு திடீரென்று ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? வெளியே போய் நான் நட்ட குழாயைத் தேடினேன். இல்லை. தரைக்குப் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். குழாய் இருந்த இடத்தில் செங்கல்லால் ஒரு பெட்டி கட்டி வெள்ளையடித்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பெரிய குழாய் நேராக வந்து அந்தப் பெட்டிக்குள் நுழைந்தது. தெருச் சாக்கடை எதிர்ப்பக்கம். தண்ணீர் இந்தப் பக்கம் எங்கே போகிறது?

பெட்டி கட்டியது யார் என்று டீச்சரிடம் கேட்டேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்றார். செயலாளர் இரண்டாம் மாடியில் இருப்பவர், ஓய்வு பெற்ற பொறியாளர். இரண்டு வருஷத்துக்கு முன் கோடையில் ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் வற்றி, எல்லோரும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, மழை நீரைப் பூமிக்குள் அனுப்பினால் தண்ணீர் ஊறும் என்று சொல்லி, தானே நின்று அந்த வேலையைச் செய்ய வைத்திருக்கிறார். யோசனையில் தப்பில்லை. அது கிணறாக இருந்திருந்தால். அவர் தண்ணீர் விட்டது குப்பைத் தொட்டியில். களிமண் குடிக்காது. நிரம்பின தண்ணீருக்கு இளகலாக இருந்த ஒரே வழி, டீச்சர் வீட்டுத் தரைக்கு அடியில் போட்டிருந்த மணல்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதுமா? நாலாம் வகுப்புக்காரன் சொல்வதை நாலு பட்டதாரிகள் ஒத்துக்கொள்ள வேண்டுமே. கண்ணால் காட்ட வேண்டும்.

டீச்சர் முன்னறையின் அந்த மூலையில் தரையைப் பெயர்த்து மூன்றடிக் குழி தோண்டினோம். என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்த சித்தாள் ஒருத்தி. வாய் நீளம், வேலையும் சுத்தம். குழியில் நின்றபடி அவள் ஆரம்பித்தாள்.

"இன்னா மேஸ்திரி, ஒளிச்சி வெச்சதும் நீயே, தேடிக்கினு கீறதும் நீயே? சின்னப் புள்ளைங்க கண்ணாமூச்சி ஆடறாப்புல கீது."

"வாயை மூடிக்கினு தோண்டு."

"கெணத்த மூடுன்னா மூடிட்ட. என் வாய மூட உன்னால ஆவுமா?"

டீச்சர் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. நல்ல மழை. துணிக்குப் போடும் நீலத்தை இரண்டு படி கரைத்து எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர் இறங்கும் வாயில் அத்தனையையும் ஊற்றினேன். இறங்கி வந்து குழி ஓரத்தில் குந்திக்கொண்டேன். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மிச்சமிருந்த நாலு பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டுக் குழியைச் சுற்றி நின்றார்கள். குழியில் தண்ணீர் ஊறியது, கலங்கலாக, செம்மண் நிறத்தில். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதே நிறம். இது பலிக்காவிட்டால் மயிலாப்பூரில் நான் தலைகாட்ட முடியாது.

பதினொரு மணி இருக்கும். சித்தாள்தான் முதலில் பார்த்தாள்.

"மேஸ்திரி! நீலம் கீது! அந்த ஓரம் பாரு, நீலமா வந்துக்கினே கீது!"

செங்கல் இடுக்கிலிருந்து நூல் மாதிரி வந்து, குழித் தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் பரவியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"போய் மாடியில எல்லாரையும் கூட்டிண்டு வாங்கோடா" என்றார்.

வந்தார்கள். செயலாளர் கடைசியாக, குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு இறங்கினார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னய்யா மேஸ்திரி, யாரைக் கேட்டு மாடிக் குழாய்ல கலரை ஊத்தினே?"

"யாரைக் கேட்டு சார் கெணத்து மூச்சுல மழைத்தண்ணிய வுட்டீங்க?"

"அது சயின்ஸ். உனக்குப் புரியாது."

"புரியலன்னுதான் சார் நீலம் ஊத்திப் பாத்தேன். புரிஞ்சவங்க எதையும் ஊத்திப் பாக்கல போல."

அவர் முகம் சிவந்தது. "அந்தக் கிணத்தைக் குப்பை போட்டு மூடினது யாருன்னு கேளுங்க முதல்ல" என்றார். அதற்குள் அவருக்கு யாரோ அதைச் சொல்லியிருந்தார்கள்.

"நான்தான் சார். கேக்கவே வேணாம், சொல்லிட்டேன். டீச்சரம்மாவுக்கு மூணு நாளா தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள், நாற்காலி மட்டும் போடவில்லை. தூணில் சாய்ந்து நின்றபடி விலை சொன்னேன், டீச்சர் விரும்பின மாதிரி தனித்தனியாக. மாடிக் குழாயைத் திருப்பித் தெருப்பக்கம் கொண்டுபோக ஆயிரத்து எண்ணூறு. கிணற்றின் மேல் ஆறடிக் குப்பையை எடுத்துவிட்டு ஆற்று மணல் போட, லாரியோடு சேர்த்து ஐந்தாயிரத்து ஐந்நூறு. வெளிச்சுவர் ஓரம் இருபத்திரண்டு அடி நீளத்துக்கு அஸ்திவாரம் தெரியத் தோண்டி, கழுவி, மருந்து கலந்த சிமென்டு பூசி, இரண்டு கை தார் அடித்து மூட, அடிக்கு நூறு ரூபாயாக இரண்டாயிரத்து இருநூறு. உள்ளே மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்திவிட்டு, கோடை முடியும்வரை காயவிட்டு, மறுபடி பூச மூவாயிரம். ஆகப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. காயவிடாமல் மறுவாரமே பூசித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனைத் துரத்துங்கள் என்றும் சொன்னேன். இன்றைக்கு இந்த விலைகள் எதுவும் செல்லாது. ஆனால் தண்ணீர் வழியைத் திருப்புவதற்கு ஆகும் செலவு எப்போதும் சிறிது, அதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் செலவு எப்போதும் பெரிது. அது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

டீச்சர் எழுந்தார். "மொட்டைமாடித் தண்ணி அஞ்சு பேருக்கும் பொது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை அஞ்சால வகுத்தா தலைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு. யாருக்காவது வகுக்கத் தெரியலைன்னா சொல்லுங்கோ, சாயங்காலம் ஆறு மணிக்கு டியூஷன் இருக்கு."

செயலாளர் தொண்டையைச் செருமினார். பங்கு போட்டுக்கொள்ள அவருக்குச் சம்மதம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. கூட்டக் குறிப்பில், மழைநீர்க் குழாயை யார் எங்கே விட்டார்கள் என்று எழுத வேண்டாம். "தரைத்தள ஈரம் சீரமைப்பு" என்று மட்டும் போட்டால் போதும். வீண் மனஸ்தாபம் எதற்கு?

டீச்சர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மறுத்திருந்தால் அவரும் மறுத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பங்கு கிடைக்காவிட்டால் மொத்தத்தையும் அந்த அம்மாள் தலையில்தான் கட்டுவார்கள். பதினெட்டாயிரம் ஏற்கெனவே போயிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடின இடங்கள் இரண்டு. ஒன்று கிணற்றை மூடின அன்றைக்கு. இன்னொன்று இது. இரண்டுமே அதே மனையில்.

வேலையை முடித்தேன். சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. கோடை முழுக்கச் சுவர் எலும்பு தெரிய நின்றது. பிறகு பூசினேன். அடுத்த ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியபோது, யாரும் கூப்பிடாமல் நானே போய்ப் பார்த்தேன். முன்னறைத் தரை காய்ந்து கிடந்தது. பாயில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, "வாங்கோ, ஈரம் தேடி வந்தேளா? இல்லை, தீர்ந்துபோச்சு" என்றார். காப்பி கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சில மாதம் கழித்து, அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போடும் வாரப் பத்திரிகையில் செயலாளர் இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதினார். டீச்சர்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டு எனக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அறியாமையால் ஒரு கொத்தனார் பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூடிவிட்டாராம். அதனால் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறியதாம். சங்கச் செயலாளர் தமது அனுபவத்தைக் கொண்டு, நிறம் கலந்த நீரை விட்டுச் சோதித்து, ஈரத்தின் வழியைக் கண்டறிந்தாராம். சிக்கனமான செலவில் சீர் செய்யப்பட்டதாம். மாடிக் குழாய் என்ற வார்த்தையே அதில் இல்லை. கூட்டக் குறிப்பில் எழுதாததைக் கட்டுரையில் எழுதக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது. அவ்வளவு ஒழுங்கான மனுஷன்.

நான் நேராக இரண்டாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தார்.

"நீலம் ஊத்தினது நான் சார்."

"இதுல யாரு பேரும் போடலையே மேஸ்திரி. உன் பேரும் இல்லை. ஏன் கோவிச்சுக்கறே?"

"செயலாளர்னு போட்டிருக்கு. இந்தக் கட்டடத்துல எத்தினி செயலாளரு கீறாங்க?"

"கிணத்தை நீ மூடினது பொய்யா?"

"இல்ல சார். அதான் சொல்றேன். மூடினவன் கொத்தனார்னு எழுதத் தெரிஞ்சுதே, கண்டுபுடிச்சவனும் அதே கொத்தனார்னு எழுத இங்க் தீர்ந்துடுச்சா?"

கதவைச் சாத்திவிட்டார். டீச்சர் பத்திரிகைக்கு மறுப்பு எழுதி அனுப்பினார், இரண்டு தடவை. போடவில்லை. பிறகு அவர் மகள் வீட்டோடு போய் இருக்க வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூர் போனார். அந்தக் கட்டுரையை வெட்டி, கண்ணாடி போட்டு, மாடிப்படி அடியில் மாட்டியது அதற்கப்புறம். இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குக் குடிவருகிறவர்கள் எல்லோரும் படியேறும்போது அதைப் படிக்கிறார்கள். போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, புதிதாக வந்த ஒரு பெண் என்னிடமே அதைக் காட்டி, "பாருங்க, அந்தக் காலத்துக் கொத்தனாருங்க எவ்வளவு அலட்சியமா இருந்திருக்காங்க" என்றாள்.

அதனால் அந்தச் சங்கத்தில் இன்றைக்கு யார் செயலாளரோ அவருக்குச் சொல்கிறேன். அந்தக் காகிதத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நான் கிணற்றை மூடினது உண்மை, அது அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழில், இன்னும் மூன்று வரி எழுதி மாட்டுங்கள். மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டது சங்கம். அது டீச்சர் வீட்டுக்குள் வருகிறது என்று நீலம் ஊற்றிக் கண்டுபிடித்தது, கிணற்றை மூடின அதே கொத்தனார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் அதை நிறுத்தியதும் அவன்தான். கண்ணாடி போடுகிற செலவை நான் தருகிறேன். ஆணி அடிக்கவும் நானே வருகிறேன்.